ஒயர் கட்டி அளந்த அறை

அன்பு மகன் சாமுவுக்கு,

போன சனிக்கிழமை காலை உன் அறைக்குள் நின்றவர்கள்: நான், உன் அப்பா, உன் தங்கை மெர்சி, பக்கத்து வீட்டுச் சரோஜா, கொத்தனார் ஏகாம்பரம், முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்த கறுப்புக் கோழி. வேறு யாரும் இல்லை. அறையும் இன்னும் இல்லை. பின்பக்கத் தோட்டத்தில் நான்கு குச்சிகளை அடித்து, நான் கூடை பின்ன வைத்திருந்த பச்சை ஒயரைச் சுற்றிக் கட்டி, இதுதான் சாமுவின் அறை என்று உன் அப்பா சொன்னார். சொன்னதும் நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஏன் கழற்றினோம் என்று தெரியவில்லை. சுவர் இல்லாத அறைக்குள் ஏகாம்பரம்கூடத் தலையைக் குனிந்துதான் நுழைந்தார். கோழிக்கு மட்டும் வாசல் எது என்று தெரியவில்லை, ஒயருக்கு அடியில் புகுந்து வந்தது.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உனக்குக் கிண்டிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது என்று முதல் வரியில் படித்ததும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். மெர்சிதான் ஓடிப்போய் இறக்கினாள். நாக்பூரில் நீயும் ஷீலாவும் வெயிலில் வாடியது போதும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் கிண்டி எவ்வளவு தூரம்? ஆனால் இரண்டாவது பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பின்பக்கம் முழுவதையும் சமன் செய்து, இரண்டு அறைகள் போட்டு, மிச்ச இடத்துக்குச் சிமெண்ட் பூசிவிடலாம், இந்த வயதில் உனக்கு இனி மண்வெட்டி எதற்கு, இரண்டு அறை முடியாது என்றால் நாங்கள் குரோம்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாய். நீ கோபமாக எழுதவில்லை, தெரியும். ஆபீசில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும். ரயிலில் வைத்துப் படி.

சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம் சும்மா இடம் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார். அளவு டேப்பைக் கேம்ப் ரோட்டில் வேறொரு வேலையில் விட்டுவிட்டு வந்திருந்தார். உன் அப்பாவுக்கு ஓய்வு பெற்றதிலிருந்து எந்த வேலையையும் மறுநாளைக்கு வைக்கப் பிடிப்பதில்லை. ஏகாம்பரம் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் உட்கார்ந்து, என் தையல் டேப்பை வைத்து ஒயரை அளந்து, நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கு இரண்டு, அறுந்தால் இருக்கட்டும் என்று நீளத்துக்கு இன்னொன்று என வெட்டி வைத்திருந்தார். அந்த ஒயர் எங்கள் பெண்கள் சங்க விற்பனைக்கு நான் பின்னிக்கொண்டிருந்த கூடைக்கு வாங்கியது. கேட்டேன். "பிள்ளை வர்றான், உனக்குக் கூடை பெருசா?" என்றார்.

ஒயரைக் கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம், எலுமிச்சை மரம் அறையின் கிழக்கு மூலைக்குள் நின்றது. இரண்டு அறை இல்லை, சாமு, நான் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு அறைக்கு அளந்ததில்தான் இப்படி. ஏகாம்பரம் மரத்தைச் சுற்றி வந்தார். "இன்னா சார் இது, பெட்ரூம் நடுவுல மரம் கீது? கட்டில்ல படுத்துகினே எலுமிச்சம்பழம் பறிக்கலாம் போல" என்றார். உன் அப்பா சிரிக்கவில்லை. "வெட்டிட வேண்டியதுதான்" என்றார். சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். "ஏன் சார், ரூமைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?" என்று கேட்டாள். தள்ளினால் கிணற்றுக்குப் போக வழி இருக்காது. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. பூவும் பிஞ்சுமாக நிற்கிற மரம். கீழே உதிர்ந்திருந்த பூவை மிதிக்காமல் வெளியே வந்தேன்.

ஒரு மரத்துக்காக அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது பல்லாவரத்தில் உன் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். உன் பெரியம்மா நல்லவர். என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் அது அவருடைய வீடு. எந்த டப்பா எந்த அலமாரியில் என்பது அவர் வைத்தது. வந்த புதிதில் கறிக்கு வாங்கிய புதினாவில் இரண்டு காம்புகளை எடுத்து, ஓட்டை விழுந்த பால்பவுடர் டப்பாவில் ஊன்றினேன். கிணற்றடியில் வைத்தால் துணி துவைக்க இடைஞ்சல், மொட்டை மாடியில் வைத்தால் வற்றல் காயப்போட இடைஞ்சல். நான் போகிற இடமெல்லாம் அந்த டப்பாவும் வந்தது. பொசுபொசுவென்று தழைத்த நேரத்தில் ஒரு நாள் பெரியம்மா அதைக் கிள்ளித் துவையல் அரைத்துவிட்டார். தவறு ஒன்றும் இல்லை. புதினா என்றால் துவையலுக்குத்தானே? துவையல் நன்றாகவே இருந்தது. நானும் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான், ஒரு டப்பா வைக்கக்கூட எனக்கென்று ஓர் இடம் இந்த ஊரில் இல்லை என்று தோன்றியது.

பிறகுதான் அப்பா சேலையூரைத் தாண்டி இந்த மனையை வாங்கினார். நீ அப்போது இடுப்பில் நிற்காத பிள்ளை. வந்து பார்த்தால் கருவேல முள்ளும் செம்மண் கல்லும்தான். ஆட்டோக்காரர் "இங்கயா குடி வரப் போறீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அதே நாளில் நான் பின்பக்கம் முள்ளை வெட்டி ஒதுக்கி, பூசணி விதை போட்டேன். அப்பாவுக்குக் கோபம். "சுவரே எழும்பல, அதுக்குள்ள குழம்புக்குக் காயா?" என்றார். சுவருக்கு ஊற்றிய தண்ணீரில் வழிந்ததைக் குடித்தே அந்தக் கொடி படர்ந்தது. எனக்கு யாரும் தோட்டம் போடச் சொல்லித் தரவில்லை. எந்த விதையை என்று போட்டேன், எப்போது முளைத்தது, எது புழுத்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன். அப்பா என்னைக் கணக்குப்பிள்ளை என்பார். கூடை பின்னியதும் அப்படித்தான். சரோஜா வீட்டுக் கைப்பிடி அறுந்த கூடையை வாங்கி, ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்துப் பார்த்து, பிரித்த வழியிலேயே திரும்பப் பின்னினேன். அந்தப் பின்னலுக்குப் பெயர் சிவன்கண். இன்றைக்கும் அவள் விடமாட்டாள்: "சிவன்கண் கூடையில பாட்டுப் புத்தகம் வெச்சுகினு சர்ச்சுக்குப் போற ஒரே ஆளு நீதான்க்கா!"

பூசணி என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், கை அகலப் பிஞ்சாக இருந்தபோது ஊசியால் அதன் மேல் உன் பெயரைக் கீறிவிட்டாய். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது. அந்தக் கொடியின் முதல் காயை, விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு என்று நான் முன்னாலேயே ஜெபித்து ஒதுக்கியிருந்தேன். கோயில் வளாகத்தில் ஏலம் விடுகிறவர் அதைத் தலைக்கு மேல் தூக்கி, "சாமு! சாமு! நல்ல எடையான சாமு! யார் எடுக்கறீங்க?" என்று கூவினார். சபை முழுக்கச் சிரிப்பு. நீ என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய், என்னை வித்துடாதேம்மா என்று. வேடிக்கை பார்க்க வந்திருந்த சரோஜா ஏலம் கேட்டு அதை எடுத்துவிட்டாள். தலையில் வைத்துக்கொண்டு போகும்போது, "அக்கா, உன் புள்ளைய நான் எடுத்துட்டேன், இனிமே சண்டைக்கு வராதே" என்றாள். அன்றிலிருந்து நீ அவளுக்கும் பிள்ளை. சனிக்கிழமை அந்த ஒயருக்குள் நின்றுகொண்டு அவள் கேட்டதும் அதைத்தான்: "என் புள்ளைக்கு ரெண்டு ரூம் குடுக்க மாட்டியாக்கா?"

மறுநாள் ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் என்பதால் கோயிலில் பூ வைக்கவில்லை, பலிபீடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு மரத்தைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்க எனக்குக் கூச்சம். ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை பெரிய கஷ்டம். எது சரியோ அதற்கு என் மனதைச் சம்மதிக்க வை என்று மட்டும் கேட்டேன். சம்மதித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து, பழுத்திருந்த பழங்களைப் பறித்து, தெருவில் நான்கு வீடுகளுக்கு மெர்சியிடம் கொடுத்தனுப்பினேன். வெட்டப் போகிற மரம் என்றால் பழமாவது வீணாக வேண்டாம்.

சாயந்தரம் மெர்சி ஒயரை அவிழ்த்துக்கொண்டு வரப் போனாள். அவளுக்குக் கூடைதான் கவலை, விற்பனை வருகிறது. அவிழ்த்ததைச் சுருட்டும்போது, அப்பா உபரியாக வெட்டி வீட்டுக்குள் வைத்திருந்த துண்டையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். "அம்மா, இங்க வா" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. இரண்டும் ஒரே அளவில் வெட்டிய துண்டுகள். உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. வெளியே இருந்தது ஒரு முழத்துக்கு மேல் நீண்டு, பாம்புச் சட்டை மாதிரித் தொளதொளவென்று கிடந்தது. உன் அப்பாவுக்கு எதையும் தளர்வாகக் கட்டத் தெரியாது. காலை ஊன்றிக்கொண்டு இழுத்து இழுத்துக் கட்டியிருக்கிறார். பங்குனி வெயிலில் ஒயர் இளகி, அவர் இழுத்த பக்கமெல்லாம் வந்திருக்கிறது. வெயிலில் ஒயரை வைத்தால் இழுபடும் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! நிழலில் உட்கார்ந்துதான் பின்ன வேண்டும் என்று மெர்சியைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மரத்தைப் பார்த்ததில் ஒயரைப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் இரண்டு துண்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். "நான் அளந்தது சரிதான். ஒயர்தான் தப்பு" என்றார். மெர்சி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை ஏகாம்பரம் இரும்பு டேப்போடு வந்தார். சரியாக அளந்தால், மரம் அறைக்கு வெளியே நிற்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்து போகலாம். வேர் போகிற பக்கம் வானத்தை ஆழமாகத் தோண்டாமல் தூண் எழுப்பிக்கொள்ளலாம் என்கிறார். "கெயக்கால ஜன்னல் வெச்சா, ரூம்ல பூ வாசனை சும்மா கும்முனு வரும்மா" என்றும் சொன்னார். அப்பாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ அந்தப் பக்கமா இரண்டாவது ரூமையும்..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் நான் பேசினேன். இரண்டாவது அறை கிடையாது என்றேன். கொத்தனார் முன்னால் நான் அவரை மறுத்துப் பேசுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஏகாம்பரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

சாமு, உன்னிடமும் அதையே சொல்கிறேன். பின்பக்கம் உனக்கு ஒரு நல்ல அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அடுப்படி, குளியலறை, மேற்கே தனி வாசல். எங்கள் வீட்டு வழியாக நுழைய வேண்டியதில்லை. பிள்ளைகள் பிறந்து இடம் போதவில்லை என்றால் மாடி எடுக்கலாம், அதற்குத் தாங்குகிற அஸ்திவாரமாகவே போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தோட்டத்துக்குச் சிமெண்ட் போட விடமாட்டேன். நீ குரோம்பேட்டைக்குப் போய்விடுவாயோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. ரொம்ப இருக்கிறது. அந்தப் பயத்தில் சரி என்று சொல்லிவிட்டால், பிறகு உன் சுவரைப் பார்க்கும் போதெல்லாம் மனதுக்குள் முணுமுணுப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்துகொண்டு உன் மேல் குறைப்படுவதைவிட, இப்போதே முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது நல்லது. நீயும் உன் வீட்டில் இப்படியே இரு. பிடிக்காததைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டு, பின்னால் பாத்திரத்தை ஓங்கி வைக்காதே. பாத்திரம் ஓங்கி வைக்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

இன்னொன்று. உன் கடிதத்தில் நாங்கள், நாங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த நாங்களில் ஷீலாவை எத்தனை இடத்தில் கேட்டு எழுதினாய்? கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்திருந்தபோது அவள் விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் வெண்டைப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். "யார்கிட்டயும் இல்ல அத்தை, அந்த ஃபிளாட்ல மண்ணையே பார்க்க முடியல" என்று சொல்லி வெட்கப்பட்டாள். போகும்போது எலுமிச்சைக்கடியில் தானாக முளைத்திருந்த கன்று ஒன்றைக் கேட்டாள். பால்பவுடர் டப்பாவில் வைத்து, என் கூடையில் இறக்கிக் கொடுத்தேன். ரயிலில் அதற்கு எங்கே இடம் என்று நீ சத்தம் போட்டாய். அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக, டப்பாவைப் பிடித்திருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டு ரயில் மறையும்வரை நின்றேன். ஏன் என்று நீ மேலே படித்துவிட்டாய்.

அதனால் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். கிணற்றுக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் முதலில் போகிற பாத்தி, தோட்டத்திலேயே நல்ல மண் அதுதான். நேற்றே கொத்தி, சாணி எரு போட்டு ஆறவிட்டிருக்கிறேன். அதில் அவள் என்ன வேண்டுமானாலும் போடட்டும். ஒன்றும் போடாமல் சும்மா வைத்திருந்தாலும் சரி. அவள் கேட்காமல் நான் அதில் ஒரு களைகூடப் பிடுங்க மாட்டேன். புதினா போட்டால், கேட்காமல் கிள்ள மாட்டேன். அவளிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. அடுப்பும் அப்படித்தான். தனி அடுப்பு என்றால் மனஸ்தாபம் என்று உன் அப்பா நினைக்கிறார். எனக்கு அப்படி இல்லை. அவள் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரட்டும், என் குழம்பு ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகட்டும். கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

இங்கே வேப்பம்பூ உதிர ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்தால் பழைய புடவையை விரித்து அள்ளி வைக்கிறோம். வெண்டை, கொத்தவரை போட்டாகிவிட்டது. புடலை விதையைச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன், பந்தலுக்கு அப்பா மூங்கில் வாங்கி வந்தார். ஒயர் வேண்டாம், தேங்காய்க் கயிறு போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கறுப்புக் கோழி உன் அறை இருந்த இடத்திலேயே, ஒரு குச்சிக்குப் பக்கத்தில் பள்ளம் பறித்து முட்டை வைத்திருக்கிறது. வானம் தோண்டுவதற்குள் பொரித்துவிடும் என்று மெர்சி சொல்கிறாள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்டிக் கொடுக்க ஆள் சொல்லியாகிவிட்டது. சிலுவை பின்ன உன் கை இந்த வருஷமும் இல்லை. நீ பின்னி முடித்து மிச்ச ஓலையில் கிளி செய்வாயே, அதைச் சின்னப் பிள்ளைகள் போன வருஷமும் கேட்டார்கள். அடுத்த வருஷம் சாமு அண்ணன் இருப்பான் என்று அவர்களிடம் சொல்லலாமா, வேண்டாமா?

சரோஜா வீட்டில் இப்போது போன் வந்துவிட்டது. நம்பரை மெர்சி தனியாக எழுதுவாள். ஆனாலும் இதற்கு எஸ்டிடியில் பேசாதே. மீட்டரைப் பார்த்துக்கொண்டே சரிம்மா, சரிம்மா என்பாய், எதற்குச் சரி என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து, ஷீலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது. ஓர் அறைக்கு நீங்கள் இருவரும் சம்மதமா, இல்லையா? இல்லையென்றாலும் தைரியமாக எழுது. குரோம்பேட்டையும் ரயில் நிற்கிற ஊர்தான், கூடையைத் தூக்கிக்கொண்டு நான் வருவேன். ஏகாம்பரம் ஈஸ்டருக்குப் பிறகு வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்த எலுமிச்சைக் கன்று புதுத் துளிர் விட்டிருக்கிறதா என்று ஷீலா கையால் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும். சீக்கிரம் எழுது.

உன் அம்மா